நைனாவின் கையும் நம் சபையின் பாட்டும்

உறவினருக்கும், சபையாருக்கும், நைனாவோடு துறைமுகத்தில் பாடுபட்ட தோழர்களுக்கும் மூத்த மகள் எழுதிக்கொள்வது. எங்கள் தகப்பனார் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. அச்சில் ‘அப்பா’ என்று போடுவதுதான் மரியாதை என்கிறான் என் தம்பி. எனக்கு நைனாதான் வாயில் வருகிறது. அப்படியே எழுதுகிறேன்.

நைனா எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் பிறந்தார். பெற்றோரைக் காலரா வாரிக்கொண்டு போனதால், இராயபுரத்தில் அத்தை வீட்டில் அரைவயிற்றுக் கஞ்சியோடு வளர்ந்தார். மீசை முளைக்கும் முன்பே துறைமுகத்து வேலைக்குப் போனார். கப்பலின் மேல்தட்டில் நின்று, அடியில் சரக்கு ஏற்றுகிறவர்களைக் குனிந்து பார்த்து, பாரம் தூக்கும் வின்ச் ஓட்டுபவருக்குக் கையால் ஜாடை காட்டுவது அவர் வேலை. அங்கே இருக்கும் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. உள்ளங்கை உயர்ந்தால் பாரம் ஏறும், கவிழ்ந்தால் இறங்கும்.

அதே கையால்தான் கோவிலில் பாட்டும் நடத்தினார். நம் சபை எப்படிப்பட்டதென்று உங்களுக்கே தெரியும். பாதிப் பேர் அழுது கைதட்டிப் பாடினால்தான் ஆராதனை என்பார்கள். மீதிப் பேருக்கு எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி நடக்க வேண்டும். நைனா கையை உயர்த்தினால் கீர்த்தனை கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். கவிழ்த்தால் கைக்குழந்தையின் சிணுங்கல்கூடக் கேட்கும். போதகர் நிதானமாக ஜெபம் வாசிப்பார். இரண்டு கூட்டமும் ஒரே பாயில் உட்கார்ந்தது அந்தக் கைக்குக் கட்டுப்பட்டுத்தான். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டியபோதும், மிஞ்சியிருந்தவர்களை வைத்துப் பாடினார்.

“இன்னாண்ணே, நல்லா ஏறிக்கினு இருந்துச்சு, அதுக்குள்ள அடக்கிட்டியே?” என்று ஒருநாள் ஆராதனை முடிந்ததும் துறைமுகத்துத் தோழர் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

“தூக்கினா மட்டும் போதுமாடா? எறக்க வேணாவா? பாரம் அந்தரத்துல தொங்கிக்கினே இருந்தா கீழ கீறவன் கதி இன்னா?” என்றார் நைனா. கோபக்காரர்தான். சுதி தப்பிப் பாடியது யாராக இருந்தாலும், வீட்டுக்கு வந்து எங்களைத்தான் முறைப்பார்.

ஒரு ஞாயிறு காலை, கோவிலுக்குப் புறப்படச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். சுடுதண்ணீர் ஒத்தடம், எண்ணெய், உபவாச ஜெபம், எதை விட்டோம்? ஐயோ, ஒன்றும் பலிக்கவில்லை.

கோவிலிலும் பாட்டு இரண்டுபட்டது. ஒரு கூட்டம் எடுத்த பாட்டை நிறுத்த மறுத்தது. இன்னொரு கூட்டம் புத்தகத்தை மூடிக்கொண்டு உர்ரென்று உட்கார்ந்தது. இரு தரப்பும் வீட்டுக்கு வந்து நைனாவிடமே முறையிட்டார்கள். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பார். கண்ணோரம் நீர் வழியும். நாங்கள் துடைப்போம், வேறென்ன செய்ய முடியும்?

அவரைக் கண்டால் சபை அடங்கும் என்று நம்பி, நாற்காலியில் வைத்து ஒரு ஞாயிறு கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பக்கத்து வீட்டு பாய்தான் ஒரு பக்கம் பிடித்தார். பாட்டு உச்சத்தில் இருந்தபோது நைனாவின் வலக்கை நாற்காலியிலிருந்து நழுவித் தொங்கியது. அருகில் நின்ற அம்மா அதைத் தூக்கி அவர் மடியில் வைத்தார். பின்னால் இருந்தவர்களுக்கு உயர்ந்த கை மட்டுமே தெரிந்தது.

“கை எழுந்திரிச்சிடுச்சு! அல்லேலூயா!” என்று ஒருவர் கத்த, கோவிலே அதிர்ந்தது.

“நாந்தான்யா தூக்கி வச்சேன்! அது தானா எழுந்துக்கலே!” என்று அம்மா கதறினார். யார் காதில் விழுந்தது? ஆனந்தத்தில் அழுகிறார் என்று நினைத்து இன்னும் உரக்கப் பாடினார்கள். நைனா வாயைத் திறந்து திறந்து மூடினார். சத்தம் வரவில்லை. புத்தகக் கூட்டமோ, “கோவில்ல கூத்தா கட்டுறீங்க?” என்று எங்களைக் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போயிற்று.

அடுத்த வாரமே கைதட்டிப் பாடும் கூட்டத்துக்குத் தண்டையார்பேட்டையில் தனி ஜெபக்கொட்டகை எழும்பியது. அற்புதத்தைக் கோவில் மறுதலித்தது என்பது அவர்கள் பேச்சு. நாங்கள் நாடகம் ஆடினோம் என்பது கோவிலில் பேச்சு. இரண்டையும் கேட்டுக்கொண்டே நைனா படுத்திருந்தார். மழைக்காலம் முடியும் முன்பே கண்ணை மூடினார். காசிமேட்டுக் கல்லறையில் இரு தரப்பும் ஒரே நேரத்தில் வெவ்வேறு பாட்டை எடுத்தார்கள். இரண்டுமே நைனாவுக்குப் பிடித்த பாட்டுத்தான்; ஒன்றும் காதில் விளங்கவில்லை.

நைனாவைச் சுமந்த பக்கத்து வீட்டு பாய்க்கும், தினமும் கஞ்சி கொடுத்தனுப்பிய அண்டை வீட்டாருக்கும், குழி வரை வந்த துறைமுகத்துத் தோழர்களுக்கும், போதகருக்கும், கொட்டகை மூப்பருக்கும் எங்கள் நன்றி. ஆண்டு நிறைவு ஜெபத்தைக் கோவிலில் வைத்தால் கொட்டகையார் வரமாட்டார்களாம், கொட்டகையில் வைத்தால் கோவிலார் வரமாட்டார்களாம். அதனால் எங்கள் வீட்டு வாசலில் வைத்திருக்கிறோம். அழைக்கப் போன இடமெல்லாம், “அவங்க வராங்களா?” என்றுதான் கேட்டீர்கள்.

இந்த நினைவு மலரை இரு தரப்பு வீடுகளிலும் நானே கொண்டுவந்து தருகிறேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒன்றே ஒன்றைச் சொல்லி, அது அச்சில் வந்தே தீர வேண்டும் என்றார்: “கைய நாந்தான் தூக்கினேன். ரெண்டு பேரும் வாங்க.”