பட்டணத்து வாசல் சுங்கம்

நம்பாதவர்கள் மலைமேல் ஆலத்தூர் நாட்டுக்கு வந்து ருக்குமணியையே கேட்டுக்கொள்ளலாம். அவள் புருஷன் அர்த்தனாரியின் பேச்சை மட்டும் எடுத்துவிடாதீர்கள். கையில் கிடைத்ததை வீசுவாள்.

அவர்கள் காட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு பாழ்மேடு. ஒரு காலத்தில் ராஜா இருந்த பட்டணம். பொதிமாடுகளோடு வியாபாரிகள் வந்து இறங்கிய பெரிய சந்தை. இப்போது மிச்சம் இடிந்த சுவர்களும், வாசலில் நிற்கும் இரண்டு கல்தூண்களும்தான். எந்தச் சுமையோடு அந்தத் தூண்களைக் கடந்தாலும் அதில் ஒரு பிடி அங்கே வைத்துவிட வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகவே கூடாது. இறக்கி நடக்க விட வேண்டும்.

போன தை மாதம். பட்டப்பகல். செம்மேட்டுச் சந்தைக்குக் கிளம்பினார்கள். ருக்குமணி தலையில் மிளகு மூட்டை. அர்த்தனாரி தோளில் மூன்று வயது மகள் கௌசிகா, நல்ல தூக்கத்தில். தூணருகே ருக்குமணி ஒரு பிடி மிளகை வைத்தாள்.

“ஏனுங்க, புள்ளைய எறக்கி உடுங்க.”

“ராசா செத்து எத்தன காலமாச்சு, இன்னும் சுங்கமா?”

அடிவாரத்திலிருந்து வந்த மாப்பிள்ளை அல்லவா! இளக்காரமாகச் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. திடீரென்று மூடுபனி. கழுத்து மணிச் சத்தம்... கிணிங்... கிணிங்... மாடு ஒன்றையும் காணோம். தானியம் கொட்டும் சத்தம். பல பேர் விலை பேசும் இரைச்சல்...

“என்ன, புள்ள இந்தக் கனம் கனக்குது?” அவன் முழங்கால் மடங்கியது.

“எறக்குங்கன்னு சொன்னனே!”

இறக்கப் பார்த்தான். பிள்ளையைப் பிடித்த கை பிரியவில்லை.

டங்...

இரும்பில் இரும்பு மோதும் சத்தம்.

இரைச்சல் நின்றது. பனி விலகியது.

“இப்பக் கனமே தெரியலயே,” என்று இளித்தான்.

கௌசிகா கண் விழித்தாள். “அம்மா, என்னையத் தராசுல உக்கார வெச்சாங்க.”

ருக்குமணி மூட்டையை இறக்கிவிட்டு அவன் கன்னத்தில் ஒன்று விட்டாள்.

மறுவாரம் அங்கன்வாடியில் எடை பார்த்தார்கள். கௌசிகா ஏறி நின்றாள். முள் அசையவில்லை. டீச்சர் தராசைத் தட்டினார். தன் கைப்பையை வைத்தார். முள் நகர்ந்தது. மறுபடி குழந்தையை நிறுத்தினார்.

பூஜ்யம்.

குழந்தை சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள். ஆனால் மலையில் காற்று கிளம்பினால் அர்த்தனாரி போட்டது போட்டபடி ஓடி வந்து அவளைத் தூக்கிக்கொள்கிறான். ருக்குமணி அவனை ‘ங்க’ போட்டுப் பேசுவதை அன்றோடு விட்டுவிட்டாள்.

“அன்னிக்கு எறக்கச் சொன்னேன், எறக்கல. இப்ப எறக்கு, பாக்கலாம்.”

அவன் இறக்குவதில்லை.