துருத்தியா, கடைசலா

எங்கள் மாமா ஊர் மாரியம்மனிடம் கல்யாணத்துக்குப் பூ கேட்டிருக்கிறார்கள், கிணறு வெட்டக் கேட்டிருக்கிறார்கள், மாடு வாங்கலாமா என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். கார் எஞ்சினைப் பற்றிக் கேட்டது அந்த ஒரு தடவைதான். கேட்டவர் என் மாமா. பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தவள் நான். எனக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும்.

வெள்ளைக்காரன் காலம். உலகச் சண்டை வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு. மாமா ஊர் நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் ரோட்டை ஒட்டி இருந்தது. பள்ளிக்கூடம் லீவு விட்டால் என்னை அங்கேதான் கொண்டுபோய் விடுவார்கள். மாமாவுக்கும் அத்தைக்கும் பிள்ளை கிடையாது. மாமாவுக்குக் கார்தான் பிள்ளை. மேல்துணியைப் பின்னால் மடித்துவிடுகிற பழைய கார். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறார்களோ இல்லையோ, காரை ஈரத்துணியால் துடைத்தாகிவிடும். அதன் மேல் ஒரு கோழி ஏறினால் அன்று வீட்டில் கோழிக்குழம்பு.

அந்தப் பக்கத்தில் கார் வைத்திருந்த இன்னொருவர் மாமாவின் சகலை, அதாவது அத்தையின் தங்கை புருஷன். அவர்கள் எருமப்பட்டிப் பக்கம் பெரிய பண்ணயக்காரர்கள். திருச்செங்கோட்டுத் தேருக்கு வருவதென்றால் மாமா ஊரைத் தாண்டித்தான் வரவேண்டும். முந்தின வருஷத் தேருக்கு நாங்கள் போய்க்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஹாரன் அடித்தது. சகலை வாங்கியிருந்த புதுக் கார். எங்களை ஓரம் கட்ட வைத்துவிட்டு விர்ரென்று முன்னால் போனது. அத்தையின் தங்கை திரும்பிப் பார்த்துச் சிரித்துக் கையை ஆட்டினாள். அவள் கெட்டவள் இல்லை, சந்தோஷத்தில் ஆட்டினாள். அதற்குள் செம்மண் புழுதி எங்களை மூடிவிட்டது. புழுதி அடங்கியபோது அத்தையின் முகம், மூக்குத்தி, பட்டுச்சேலை எல்லாம் ஒரே நிறம். நான் சிரித்துவிட்டேன்.

அத்தை சிரிக்கவில்லை. திருச்செங்கோடு போய்ச் சேர்ந்ததும் மாமா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் முகம் கழுவவில்லை. அந்த மண்ணோடேயே சாமி கும்பிட்டாள், மண்ணோடேயே வீடு திரும்பினாள். வீட்டுக்குள் கால் வைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அடுத்த தேருக்கு நம்ம வண்டி அவிய வண்டிக்கு முன்னாடி போவோணுமுங்க. இல்லீன்னா நான் வரலீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தை வாய் திறந்து ஒரு கண்ணாடி வளையல் கேட்டுக்கூட நான் பார்த்ததில்லை.

மறு வருஷம் தேர் நெருங்கும்போது மாமா சேலத்திலிருந்து ஒரு பிட்டரை வரவழைத்தார். அவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார், அடியில் படுத்துப் பார்த்தார், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே இரண்டு வழி சொன்னார்.

"ஏனுங்க, ஒண்ணு, எஞ்சினைப் பிரிச்சு சிலிண்டரைக் கடைஞ்சு, பெரிய பிஸ்டன், புது ராடு எல்லாம் போடோணுமுங்க. உள்ளுக்குள்ள பலம் வந்துருமுங்க. ஆனா சாமான் சீமையில இருந்து கப்பல்ல வரோணும். தேருக்கு ஆவாதுங்க. இன்னொண்ணு, ஏற்காட்டுத் தோட்டத்துத் தொரை ஒருத்தரு ஊருக்குப் போறப்ப ஒரு சாமானை உட்டுப்போட்டுப் போயிருக்காரு. சூப்பர் சார்ஜருன்னு பேரு. எஞ்சின் தானா இழுக்கற காத்து பத்தாதுன்னு, இது வெளியில இருந்து காத்தை அடைச்சுக் குடுக்கும். நாலு நாள்ல மாட்டிப்போடலாமுங்க."

"அடேங்கப்பா, கொல்லன் பட்டறைத் துருத்தி!" என்றாள் அத்தை. அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்குத் துருத்தி என்றுதான் பேர். மற்றது கடைசல்.

மாமா கடைசல் கட்சி. அத்தை துருத்திக் கட்சி. சோறு போடும்போதும் அதே பேச்சு, படுக்கும்போதும் அதே பேச்சு. "கெழட்டு எஞ்சினுக்குள்ள காத்தை அடைச்சா வெடிக்காம என்ன பண்ணும்?" என்பார் மாமா. "வெடிச்சா வெடிக்குது, முன்னாடி போயி வெடிக்கட்டுமுங்க" என்பாள் அத்தை. ஒரு நாள் பண்ணயத்து ஆள்கள், உறவுக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எம் உசுரு இருக்கற வரைக்கும் இந்த வண்டியில துருத்தி ஏறாது!" என்று கத்திவிட்டார். அத்தை உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கடைசல் கட்சி ஜெயித்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

ஆனால் ஜெயித்தவர் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு நாள் உம்மென்று இருந்துவிட்டு, மூன்றாம் நாள் அவரே சொன்னார்: "என்னத்துக்கு வம்பு? சாமிகிட்டப் பூ கேட்டுப்போடலாம்."

எங்கள் பக்கத்தில் பூ கேட்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். செவ்வரளி ஒரு இலையில், வெள்ளரளி ஒரு இலையில், இரண்டையும் ஒரே மாதிரி பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். வருகிற நிறம் அம்மன் சொன்ன பதில். அதற்குமேல் யாரும் வாய் திறக்க முடியாது. சிவப்பு வந்தால் துருத்தி, வெள்ளை வந்தால் கடைசல் என்று பேசிக்கொண்டார்கள். வழக்கமாகப் பூசாரிதான் பொட்டலம் கட்டுவார். அன்று மாமா, "நீங்க பூசையப் பாருங்க, நான் கட்டறேன்" என்று இலைகளை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனார். சூப்பர் சார்ஜர் என்பதை அம்மனிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் பூசாரி திணறி, கடைசியில் "ஆத்தா, வண்டி விசயம், உனக்கே தெரியும்" என்று முடித்தார்.

நான் ஒன்றை எடுத்தேன். சிவப்பு.

அத்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா, "ஆத்தா சொன்னதுக்கப்புறம் நான் ஆரு?" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். எல்லாரும் விபூதி வாங்கிக்கொண்டிருந்தபோது, எடுக்காமல் விட்ட பொட்டலத்தை நான் எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்ப் பிரித்தேன். அதற்குள்ளும் சிவப்பு.

எனக்குப் பயம் வந்துவிட்டது. வெள்ளைப் பூவை அம்மன் சிவப்பாக மாற்றிவிட்டாள்! ஓடிப்போய் மாமாவிடம் காட்டினேன். அவர் என்னைவிட அதிகமாகப் பயந்துபோனார். பூவைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு, "ஆருகிட்டயும் சொல்லாத சாமி. ஆத்தா காரியத்தை வெளிய சொல்லக் கூடாது" என்றார். அந்தத் துருத்தி மேல் அம்மனுக்கு அவ்வளவு ஆசை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

துருத்தி ஏறியது. எஞ்சினை ஓட்டியதும் அது ஊளையிட்டதில் கட்டுத்தறி மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. பிட்டர் புறப்படும்போது மாமாவைத் தனியே கூப்பிட்டார். நான் காருக்குள்தான் உட்கார்ந்திருந்தேன். "ஒரு பர்லாங்கு முழுசா மிதிக்கலாமுங்க. அதுக்கு மேல காலை எடுக்காம மிதிச்சீங்கன்னா ராடு தாங்காதுங்க. வண்டியை மறந்துர வேண்டியதுதான்." மாமா சரி சரி என்று தலையாட்டினார்.

தேரன்று நாங்கள் மெதுவாகத்தான் போனோம். பின்னால் அந்த ஹாரன் கேட்டது. மாமா ஒதுங்கி வழிவிட்டார். புழுதி வந்தது, தங்கை கையாட்டினாள், எல்லாம் போன வருஷம் போலவே. நான் அத்தையைப் பார்த்தேன். அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா மிதித்தார்.

என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. துருத்தி போட்ட ஊளையில் ரோட்டோரம் தேருக்கு நடந்துகொண்டிருந்த ஜனங்கள் கட்டுச்சோற்று மூட்டையோடு பள்ளத்தில் குதித்தார்கள். புளியமரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சுவர் மாதிரி ஓடின. அழக்கூட எனக்கு மூச்சு வரவில்லை. அவர்கள் காருக்குப் பக்கத்தில் வந்தோம். சகலை வாயைப் பிளந்துகொண்டு எங்களைப் பார்த்தார். அத்தை அவரை நேருக்கு நேர் பார்த்தாள். அவர் எதிரே வந்தால் எப்போதும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுகிறவள், அன்று அவர் பின்னால் போகிற வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை.

முந்தியாகிவிட்டது. மாமா காலை எடுத்திருக்கலாம். சகலை விடாமல் துரத்தி வந்தார். மாமாவும் காலை எடுக்கவில்லை. பர்லாங்குக் கல் ஒன்று போனது, இன்னொன்றும் போனது. திரும்பிப் பார்த்தால் அவர்கள் கார் நாங்கள் கிளப்பிய புழுதிக்குள் எங்கேயோ இருந்தது. அப்போதுதான் வெடித்தது.

வேட்டு போட்டதுபோல் ஒரு சத்தம். கார் குலுங்கித் தட்டுத் தடுமாறி நின்றது. எஞ்சின் பக்கவாட்டில் என் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. உடைந்த ராடு அதன் வழியே எட்டிப் பார்த்தது. ஆயில் ரோட்டில் ஓடியது. அத்தையின் முகத்திலும் ஆயில். நான் வீறிட்டு அழுதேன். ஊர் ஜனம் கூடி ஐயோ ஐயோ என்றது. சகலையும் வண்டியை நிறுத்தி, தலை முதல் கால் வரை செம்மண்ணாக இறங்கி வந்து, "அடப்பாவமே, வண்டியே போச்சுங்களே!" என்று திகைத்து நின்றார். அந்த ரோட்டில் அன்று அதிராதவர் மாமா ஒருவர்தான். கோழி ஏறினால் பொறுக்காதவர், அந்த ஓட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்த்தவர் மாதிரி சும்மா நிமிர்ந்தார்.

"எங்க வண்டியில ஏறிக்கக்கா" என்று தங்கை அத்தையின் கையைப் பிடித்து இழுத்தாள். நான் அழுகையை நிறுத்திவிட்டு ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாங்கண்ணு. நீங்க போங்க. நாங்க நடந்தே வாரோம்" என்றாள் அத்தை.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. புதுக் கார் கண்ணெதிரே நிற்கிறது, இவர்கள் நடக்கிறார்களாம்! என்னைத் துருத்திக் காரில் ஏற்றியதற்காக அம்மா மாமாவோடு பல மாதம் பேசவில்லை. இந்த நடைக்காக நானும் பேசவில்லை, இரண்டு நாள்.

மாமாவுக்கு அதற்குப் பிறகு கார் வாய்க்கவே இல்லை. கடைசி வரை மாட்டு வண்டிதான். உடைந்த கார் தொழுவத்தில் நின்றது. அதில் கோழிகள் முட்டையிட்டன, யாரும் விரட்டவில்லை.

எனக்கு மாப்பிள்ளை பார்த்த சமயத்தில், அம்மா என் தலையை வாரிக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "உங்கத்தையத்தான் அந்த எருமப்பட்டிக்காரரு மொதல்ல பாக்க வந்தாரு. பலகாரம் வெச்சுக் கும்புட்டுப்போட்டு நிமுந்திருக்கறா. அவரு, சின்னவளைக் குடுக்கறதானாச் சொல்லுங்கன்னுட்டாரு. அத்தனை சனத்துக்கு முன்னாடி." சீப்பு தலையில் இருக்கும்போதே நான் எழுந்துவிட்டேன். "இது மாமாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியாம என்ன? தெரிஞ்சுதான் கட்டுனான்" என்றாள் அம்மா.

கார் வெடித்த அன்று, திருச்செங்கோட்டு மலை தூரத்தில் தெரிய, வெயிலில் நடந்தோம். நான் மாமாவின் தோளில் உட்கார்ந்து, போன காருக்காக விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தேன். எப்போதும் பத்தடி பின்னால் வருகிற அத்தை மாமாவுக்குப் பக்கத்திலேயே நடந்தாள். "வண்டி போச்சுங்களே" என்றாள் ஒரு இடத்தில். "போனாப் போவுது" என்றார் மாமா. வழியில் ஒரு கிணற்றடியைப் பார்த்ததும் அத்தை நின்று, தண்ணீர் வாங்கி, நன்றாக முகம் கழுவிக்கொண்டாள். பிறகு முந்தானையை நனைத்து மாமாவின் முகத்தில் இருந்த ஆயிலையும் துடைத்துவிட்டாள். மாமாவின் மடியில் அந்த இன்னொரு சிவப்புப் பூ வாடிப்போய் இன்னும் இருந்தது. அதை எடுத்து அத்தையிடம் கொடுத்தார். ஏது என்று கேட்காமல் அவள் தலையில் வைத்துக்கொண்டாள். காரைப் பறிகொடுத்தவர்களுக்கு இவ்வளவு சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று, நான் அழுவதை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன்.