சிப்பிப் பெட்டிக்கு ஒரு மூக்கு

உட்கார்ந்த இடத்தில் அரை மணி நேரம் இருக்க என்னால் எப்போதுமே முடிந்ததில்லை. தங்கச்சிமடத்தில் சிப்பிப் பெட்டி செய்துகொண்டிருந்த காலத்தில் இந்தக் குணம்தான் என்னைக் கவிழ்த்தது.

காலையில் நாத்தனாரின் கருவாட்டு வாடியில் மீனைக் கீறி உப்பிடுவேன். மத்தியானத்துக்கு மேல், சின்ன மரப்பெட்டிகளின் மூடியில் சிப்பியையும் சிறு சங்குகளையும் ஒட்டிப் பூவும் மயிலும் செய்வேன். ராமேஸ்வரம் கடைத்தெருவில் யாத்திரைக்காரர்கள் ஒன்றிரண்டு வாங்குவார்கள். வாடியை விட்டுத் தொலைந்து, பெட்டி வேலையை மட்டும் செய்து பிழைக்க வேண்டும் என்று எனக்கு வெறி. வீட்டுக்காரர் கெடு வைத்துவிட்டார்: "ஈஸ்டர் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள இது ஒரு தொழிலா நிக்கலைன்னா, முழு நாளும் அக்கா கூட வாடிக்குப் போயிரு."

அப்போது பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் வந்த புதிது. சிறுதொழில் செய்பவர்களுக்கு யோசனை சொல்ல அங்கிருந்து ஓர் அதிகாரி வந்தார். முதுகுளத்தூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை, என்னைவிட இளையவர். அந்த வயதிலேயே ஓயாமல் மூக்குப்பொடி போடுவார்.

"எல்லாப் பெட்டியும் ஒரே அளவா இருக்கணும்க்கா. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசுன்னா பட்டணத்துக் கடைக்காரன் வாங்க மாட்டான்" என்பார்.

"என் கை என்ன அச்சா சார்?" என்று எரிந்து விழுவேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் அட்டையில் அளவு வெட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் சொன்னது சரி என்பதால் எனக்கு எரிச்சல் இன்னும் கூடும்.

எங்கெங்கோ எழுதிப்போட்டுச் சென்னையில் ஒரு கைவினைக் கடையைப் பிடித்தார். மாதிரிக்கு இரண்டு டஜன் கேட்டார்கள். பிடித்துப்போனால் மாதாமாதம் ஆர்டர். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிறு சங்குக்குள் இருக்கும் சதை போவதற்குப் பதினைந்து நாளாவது மணலில் புதைத்து வைக்க வேண்டும்; எறும்பு தின்று தீர்க்கும். நான் ஆறாம் நாளே தோண்டி எடுத்தேன். கழுவினேன், ஒட்டினேன், வார்னிஷ் அடித்தேன். அதிகாரி ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துவிட்டு, வைக்கோல் வைத்துப் பார்சல் கட்டினார்.

பார்சல் போன வேகத்தில் திரும்பி வந்தது. வேலைப்பாடு அழகுதான், ஆனால் நாற்றம் தாங்கவில்லை, கடையில் வைக்க முடியாது என்று கடிதம். ஒரு பெட்டியை மூக்கில் வைத்து இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். "வார்னிஷ் வாசம்தானே வருது?" என்றாள். அதிகாரியும் பொடி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எனக்கும் தெரியலையேக்கா" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அவர் சும்மா இருக்கவில்லை. மறுபடி சென்னைக்கு எழுதி, இன்னொரு தடவை அனுப்பச் சம்மதம் வாங்கினார். "இதுவும் நாறுச்சுன்னா அவ்வளவுதான்க்கா" என்றார்.

இந்தத் தடவை பதினைந்து நாள் பொறுத்திருந்தேன். பொறுத்திருந்தேன் என்பது பெரிய வார்த்தை. தினமும் நாலு தரம் அந்த மணலைச் சுற்றி வந்தேன். பிறகு சங்குகளைச் சோடா உப்புப் போட்டு வேகவைத்து, வெயிலில் காயவைத்து ஒட்டினேன். ஈஸ்டருக்கு அதிக நாள் இல்லை. நாறுகிறதா இல்லையா என்று யாரைக் கேட்பது? மீன் வாடையிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் ஊரில் ஒரு மூக்கும் உதவாது.

மறுநாள் வாடி வேலை முடிந்த கையோடு, ஒரு பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ராமேஸ்வரம் ரயிலடிக்குப் போனேன். ரயிலிலிருந்து ஓர் அம்மாள் இறங்கினாள்; சேலத்துக்காரி என்று பிறகு சொன்னாள். "அம்மா, ஒரு உதவி" என்று நெருங்கினேன். பையைத் திறக்கக்கூட இல்லை, அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

போச்சு என்று நினைத்தேன். இருந்தாலும் விஷயத்தைச் சொல்லிப் பெட்டியை நீட்டினேன். அவள் அதை வாங்கிக்கொண்டு நாலடி தள்ளிப்போய் நின்றாள். முந்தானையை விலக்கி முகர்ந்தாள். திறந்து உள்ளேயும் முகர்ந்தாள்.

"பெட்டியில ஒரு நாத்தமும் இல்லையே" என்றாள்.

அவள் எதற்காக மூக்கைப் பொத்தினாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அதிகாரியிடம் போய், "பெட்டி தேறிருச்சு சார், பார்சல் கட்டுங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஈஸ்டருக்குள் ஆர்டர் வந்தது. மறுநாளே வாடியை விட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்றைக்கும் முன்பின் தெரியாதவர்கள் பேச வந்தால், நான்தான் முதலில் இரண்டடி தள்ளி நிற்கிறேன்.