மனசில் விஷமம் உண்டோ?

சாகப் போகிறவர்களின் வருத்தத்தைக் கேட்டு அதன்படி வாழச் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது, மலையாள நர்ஸ் குனிந்து, "மனசில் விஷமம் உண்டோ?" என்று கேட்டாள். மலையாளத்தில் விஷமம் என்றால் வருத்தம். நம் தமிழில் குறும்பு. இரண்டும் தெரிந்த அப்பா வேண்டுமென்றே தமிழுக்குத் தாவினார்.

"நெறைய உண்டுங்க. பண்றதுக்குத்தான் ஒடம்பு உடமாட்டீங்குது."

நர்ஸுக்குப் புரியவில்லை. நான் வாய்விட்டுச் சிரித்தேன், அப்பாவும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

இன்று காலை மகளிடம் சொல்லாமல் அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வேலந்தாவளம் சந்தைவரை பறந்துவிட்டு வந்தேன். வாசலில் நின்று, "இந்த வயசுல இது தேவையாம்மா?" என்று கத்தினாள்.

எனக்கு இன்னும் உடம்பு விடுகிறதே!