படியில் வழுக்கியதாகச் சொன்னேன்

என் கணவரை இடித்தது எங்கள் தெரு அண்ணனின் ஆட்டோ. கொச்சியின் யூதத் தெருவான ஜூ டவுனில் ஒரு மசாலாக் கிடங்கில் கணவருக்குச் சுமை இறக்கும் வேலை. கிடங்குச் சந்தில் அண்ணன் வண்டியைப் பின்னால் எடுத்தபோது, மதிலுக்கும் வண்டிக்கும் நடுவில் கணவர் சிக்கிக்கொண்டார். என்னையும் ஏற்றிக்கொண்டு அதே வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மட்டாஞ்சேரியில் தமிழ் பேசும் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. நமக்குள் நடந்ததைப் போலீசுக்குக் கொண்டுபோக மாட்டோம். கோயில் கமிட்டியில் பேசித் தீர்த்துக்கொள்வோம். போதாக்குறைக்கு அடுத்த வாரம் அண்ணனின் மகளுக்குக் கல்யாணம். மறைக்கச் சொல்லி அவர் என்னிடம் கேட்கவில்லை. விபத்து என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போகும் என்று எனக்குத் தெரியும். டாக்டர் கேட்டதும், கணவர் வாய் திறப்பதற்குள், வீட்டுப் படியில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று நான் முந்திக்கொண்டேன். அவரும் தலையாட்டினார்.

வழுக்கி விழுந்தவருக்கு என்ன பார்ப்பார்களோ அதைத்தான் பார்த்தார்கள். மணிக்கட்டில் முறிவு, மாவுக்கட்டு. வயிறு கனமாக இருக்கிறது என்று அவர் திரும்பி வரும்போது முனகினார். பசியாக இருக்கும் என்றேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார்கள் தெருப் பெண்கள். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பெரிய சாமர்த்தியசாலி அல்லவா நான்.

மறுநாள் மதியம் கஞ்சி குடிக்க உட்கார்ந்தவர் வெளுத்துப்போய்ச் சரிந்தார். உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை. மறுபடியும் அண்ணனின் ஆட்டோ, அதே ஆஸ்பத்திரி. இம்முறை வேறொரு டாக்டர், சின்ன வயதுப் பெண். கணவரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எப்படி விழுந்தார் என்று கேட்டார். உண்மை என் தொண்டைவரை வந்தது. ஆனால் நேற்றைய சீட்டில் படி என்று எழுதியிருக்கிறதே. படியில் வழுக்கி என்றுதான் மறுபடியும் ஆரம்பித்தேன்.

பின்னால் நின்ற அண்ணன் மலையாளத்தில் குறுக்கிட்டார்.

"படியல்ல டாக்டரே. என்றெ வண்டி இடிச்சதா. வண்டிக்கும் மதிலினும் இடயில் ஞெருங்ஙிப் போயி."

தன் வண்டிதான் மதிலோடு வைத்து நசுக்கிவிட்டது என்று அவரே சொன்னதும் ஸ்கேன் எடுத்தார்கள். மண்ணீரல் கிழிந்து உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. உடனே ஆபரேஷன் என்றார்கள். நேற்றே சொல்லியிருந்தால் என்று தொடங்கிய டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கணவர் பிழைத்தார். அண்ணனின் வண்டியைப் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்திவைத்தார்கள். மகளை அவர் வேறொருவர் ஆட்டோவில்தான் மண்டபத்துக்கு அழைத்துப் போனார்.

டாக்டரிடம் பொய் சொல்லாதே என்று இப்போது தெருவில் எல்லோருக்கும் சொல்கிறேன். ஒன்றை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன் உண்மையைச் சொன்ன அந்த நொடியில் எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. டாக்டர் முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாரே என்று. என் கணவர் செத்துக்கொண்டிருந்தார். நான் என் மானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.