விளிம்பில் குற்றமில்லை

சக்கரத்தின் நடுவில் களிமண் உருண்டை தள்ளாடிக்கொண்டிருந்தது. மீனம்மாள் இரண்டு முழங்கைகளையும் தொடையில் ஊன்றி, இடது உள்ளங்கையால் அதைப் பக்கவாட்டில் அமுக்கினாள். வலது கை மேலிருந்து இறங்கியது. கையால் தள்ளவில்லை, உடம்பைச் சாய்த்தாள். நாலைந்து சுற்றில் ஆட்டம் நின்று, மண் நிற்பது போலவே சுற்றியது.

"எப்படிக்கா? நான் அமுக்குனா அது என்னையத்தேன் தள்ளுது," என்றாள் பக்கத்துச் சக்கரத்தில் இருந்த சிட்டாள்.

"எண்பது கிலோ ஆளை மூணு வருசம் புரட்டிப் போட்டவ நான். இது ஒரு கிலோ. கைப் பலத்தைக் காட்டாத. உன் எடையை அதும்மேல வையி."

"எங்கிட்ட ஏதுக்கா எடை? இனிமே ரெண்டு வேளைக் கறி தின்னுட்டுத்தேன் வரணும்."

மீனம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது. தேவகோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம். கணவன் போனபிறகு, நோயாளிகளைக் கவனிக்க ஆறு மாதம் பயிற்சி எடுத்தாள். இருபத்து நாலு வருடம் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடந்தவர்களைப் பார்த்தாள். புண் கழுவினாள், மலம் அள்ளினாள், உயிர் போனபின் தாடையைக் கட்டிவிட்டாள். 'மீனம்மாளுக்கு அருவருப்பே கிடையாது' என்று ஒரு டாக்டர் நாலு பேர் முன்னால் சொன்னதை, கழற்றாத தோடு மாதிரி வைத்திருந்தாள்.

கடைசியாக அவள் மூன்று வருடம் பார்த்தது காரைக்குடியில், நித்யஸ்ரீ என்பவளின் அப்பாவை. அவர் காலமானபின் நித்யஸ்ரீ சென்னையில் கொரியக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, வீட்டைப் பன்னிரண்டு அறை ஓட்டலாக மாற்றினாள். மீனம்மாளைப் படுக்கை விரிப்பு, துண்டுகள் பொறுப்பில் வைத்துக்கொண்டாள். மதியச் சாப்பாடு இலையில். காலைக்கும் இரவுக்கும் தட்டு, கிண்ணமெல்லாம் நம் வீட்டிலேயே செய்ததாக இருக்க வேண்டும் என்பது நித்யஸ்ரீயின் ஆசை. அதற்காக மிஜின் என்ற கொரியக் குயவரை இருபத்தோரு நாளைக்கு வரவழைத்தாள். கார் நிறுத்தும் கொட்டகையில் ஆறு சக்கரம், ஒரு கேஸ் சூளை. ஓட்டல் ஆட்களில் ஆறு பேருக்குக் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை வகுப்பு. முடிவில் இரண்டு பேர் சக்கரத்திலேயே நிரந்தரமாக இருக்கலாம், மற்றவர்கள் பழைய வேலைக்கு.

சிட்டாளின் பழைய வேலை, பன்னிரண்டு கழிப்பறையைக் கழுவுவது. குன்றக்குடி ரோட்டுக் காலனியிலிருந்து வருகிறவள். முப்பத்தைந்து வயது.

முதல் இரண்டு நாள் எல்லோருடைய மண்ணையும் அவள்தான் பிசைந்தாள். யாரும் சொல்லவில்லை, அது தானாகவே அவள் முன்னால் போய்ச் சேர்ந்தது. செவ்வந்தி இதழ் மாதிரி மடிப்பு மடிப்பாகத் திருகிப் பிசைய வேண்டும், உள்ளே ஒரு பொட்டுக் காற்று நிற்கக் கூடாது. மூன்றாம் நாள் மிஜின் அதைக் கவனித்துவிட்டு, அவரவர் மண்ணை அவரவர் பிசையச் சொன்னார். அன்றைக்கு மீனம்மாள் மூச்சு வாங்குவதைப் பார்த்து, "இங்குட்டுத் தாங்கம்மா, நான் பிசையிறேன்," என்று சிட்டாள் கை நீட்டினாள். மீனம்மாள் தரவில்லை. "அம்மா என்னடி அம்மா, அக்கான்னு கூப்பிடு," என்றாள். அப்படிச் சொன்னதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கருத்த மண் கிண்ணத்தின்மேல் வெள்ளை மண் குழம்பை வைக்கோல் தூரிகையால் ஒரே இழுப்பில் பூசுவது கொரியாவில் பழைய முறை. மற்றவர்கள் தொட்டுத் தொட்டு அப்பினார்கள். சிட்டாள் பொங்கலுக்குப் பொங்கல் ஊர் வீடுகளுக்கு வெள்ளையடித்தவள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி முடிவதற்குள் கையை எடுத்துவிட்டாள். தூரிகை போன தடம் அப்படியே கிண்ணத்தில் நின்றது. மிஜின் கைதட்டினார்.

அடுத்த பாடம் விளிம்பு. கிண்ணம் மனிதரைத் தொடுகிற இடம் அதுதான், கீழுதட்டை வைத்துப் பார்த்துத்தான் சரிபார்க்க வேண்டும் என்று மிஜின் சொன்னதை நித்யஸ்ரீ தமிழில் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்க வீட்டுல சொம்புல வாயை வச்சா எங்கம்மா கரண்டியைத் தூக்கிரும் ஆச்சி," என்றான் சமையற்கட்டு அழகுசுந்தரம், ஓட்டலில் எல்லோருக்கும் ஆச்சியான நித்யஸ்ரீயிடம். "இங்க என்னடான்னா வாய் வைக்கலைன்னா பெயிலுங்குறீக."

பழகிவிட்டார்கள். அவரவர் கிண்ணத்தை அவரவர் உதட்டில் வைத்துப் பார்த்தார்கள்.

இருபதாம் நாள் மதியம் சூளை திறந்தது. எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, மிஜின் வறுத்த பார்லி காய்ச்சிய தண்ணீரைக் கிண்ணங்களில் ஊற்றினார். ஒரு வாய் குடித்துவிட்டு வலப்பக்கம் நகர்த்த வேண்டும், அடுத்தவர் கிண்ணத்தில் குடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதலில் மீனம்மாளிடம் வந்தது அழகுசுந்தரத்தின் கிண்ணம். தடிமன். உதட்டை வைத்துக் குடித்தாள். அடுத்து வந்தது சிட்டாளுடையது. கைக்குள் அடங்கியது, வெள்ளைத் தடம் உள்ளே சுருண்டு இறங்கியிருந்தது. நல்ல கிண்ணம் என்று நினைத்துக்கொண்டேதான் எடுத்தாள்.

கை மேலே போனது. தலை பின்னால் சாய்ந்தது. கிண்ணம் உதட்டுக்கு ஒரு சாண் மேலே நின்றது, தண்ணீர் வாய்க்குள் விழுந்தது.

கீழே இறக்கியபோது சிட்டாள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழகுசுந்தரம் தரையைப் பார்த்தான். மிஜினுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ கேட்டார்.

"விளிம்பு சரியில்லையா, உதட்டுல குத்துதான்னு கேக்குறாங்க," என்றாள் நித்யஸ்ரீ. அவள் குரல் இறங்கியிருந்தது.

மீனம்மாள் அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "ஆமா ஆச்சி, லேசா கூரா இருக்கு," என்றாள்.

மிஜின் கிண்ணத்தை வாங்கி விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார். மறுபடி ஓட்டினார். குடித்தவர்களில் ஒருவர் குறை சொன்னாலும் அதை ஏற்க வேண்டும் என்பது அவரே சொல்லிக்கொடுத்தது. கிண்ணத்தை ஒதுக்கிய தட்டில் வைத்தார். மாலையில் இரண்டு பேர் பெயரைச் சொன்னார்கள்: மீனம்மாள், அழகுசுந்தரம்.

சிட்டாள் தன் சக்கரத்தைக் கழுவித் துடைத்தாள். பிறகு மற்ற ஐந்தையும் கழுவினாள்.

பஸ் நிறுத்தத்தில் இருவரும் எப்போதும் சேர்ந்துதான் நிற்பார்கள். அன்றைக்குச் சிட்டாள் நாலடி தள்ளி நின்றாள்.

"சிட்டாளு..." என்றாள் மீனம்மாள்.

"நெசமாவே கூராவாம்மா இருந்துச்சு?"

அந்த 'அம்மா'வைக் கேட்டதும் மீனம்மாள் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிட்டாள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. விளிம்பு கூராக இருந்தால் அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம் என்று கேட்கிறவள் போலக் கேட்டாள். குன்றக்குடி பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து மீனம்மாள் சோறு வடித்தாள், சாப்பிடவில்லை. அவள் வேலை பார்த்த வீடுகளில் பாதியில் அவளுக்கென்று ஒரு டம்ளர் தனியாக இருந்தது, பின்கட்டு ஜன்னலில், கவிழ்த்து. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் வயிறு எரிந்திருக்கிறது. 'பழக்கதோசம், யாரா இருந்தாலும் அண்ணாந்துதான் குடிச்சிருப்பேன்' என்று இப்போது தனக்கே சொல்லிப் பார்த்தாள். அழகுசுந்தரத்தின் கிண்ணத்தில் பட்ட உதடு அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஊர் பேர் தெரியாதவர் மலத்தை அள்ளிய கைதான். அள்ளினால் கழுவிக்கொள்ளலாம், கையுறை போட்டுக்கொள்ளலாம். வாய் வைப்பது வேறு என்று அவளுக்குள்ளே ஏதோ ஒன்று இத்தனை வருடம் உட்கார்ந்திருந்திருக்கிறது. கை மேலே போனதைக்கூட அது செய்தது என்று விடலாம். பொய்யைச் சொன்னது அவள். அருவருப்பு இல்லாதவள் என்ற பெயரை நினைத்தபோது முகம் சுட்டது.

மறுநாள் காலை எட்டரைக்கு மிஜினை மதுரை விமான நிலையம் கொண்டுபோகக் கார் நின்றது. ஆறு பேரும் வாசலில் இருந்தார்கள். சிட்டாள் கையில் துடைப்பம் இருந்தது. மீனம்மாள் கொட்டகைக்குள் போய், ஒதுக்கிய தட்டிலிருந்து அந்தக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். அழகுசுந்தரம் டீ ஊற்றிக்கொண்டிருந்தான். "இதுல ஊத்து," என்றாள். ஊற்றினான்.

எல்லோர் முன்னாலும் விளிம்பில் உதட்டை அழுத்தி முழுவதும் குடித்தாள். பிறகு நித்யஸ்ரீ பக்கம் திரும்பினாள்.

"விளிம்புல குத்தமில்ல ஆச்சி. நேத்து நான் பொய் சொன்னேன்."

"ஏன் மீனம்மா?"

"இவ செஞ்சதுல வாய் வைக்க எனக்கு மனசு வரல. அதை மறைக்க கிண்ணத்து மேல பழியப் போட்டேன். அவங்ககிட்டச் சொல்லுங்க. என் பேரை அடிச்சுட்டு இவ பேரை எழுதுங்க."

"இதை நான் எப்படிக் கொரியன்ல சொல்றது?"

"நான் சொன்ன மாதிரியே சொல்லுங்க. கூட்டாதீக, குறைக்காதீக."

நித்யஸ்ரீ சொன்னாள். நேரம் எடுத்தது. நடுவில் இரண்டு முறை மிஜின் திருப்பிக் கேட்டார். பிறகு மீனம்மாளை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் ஆறுதல் எதுவும் இல்லை. கிண்ணத்தை வாங்கி, மீதிச் சொட்டை உதறிவிட்டு, சிட்டாள் கையில் கொடுத்தார். காரில் ஏறினார்.

சிட்டாள் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். கொட்டகைக்குப் போய்ச் சக்கரத்தின் முன் உட்கார்ந்தாள்.

துண்டுகளை மடிக்கப் போகுமுன் மீனம்மாளும் உள்ளே வந்தாள். ஈரத் துணி மூடிய மண்ணில் ஒரு கட்டியை எடுத்து, நின்றபடி பிசைந்து, சிட்டாள் முன்னால் வைத்தாள். சிட்டாள் கம்பியால் அதை இரண்டாக அறுத்துப் பார்த்தாள். நடுவில் மிளகளவு ஓட்டை.

"காத்து நிக்கிது," என்றாள். அக்காவும் இல்லை, அம்மாவும் இல்லை. "திரும்பப் பிசைங்க."

மீனம்மாள் இரண்டு பாதியையும் சேர்த்து எடுத்துக்கொண்டுபோய்த் திரும்பப் பிசைந்தாள்.