வாந்தி எடுத்தவள் விண்வெளிக்குப் போனாளா?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போவது ஒன்றும் வெளிநாட்டுப் பயணம் அல்ல. ஆனாலும் பஸ்சில் ஏறியதும் என் கை தானாகப் பைக்குள் எலுமிச்சம்பழத்தைத் தேடும். போன வாரமும் ஒன்றை நகத்தால் கீறி மூக்கருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கைக்காரரின் போனில் ஏதோ சத்தமாக ஓடியது. எட்டிப் பார்த்தால் பளபளக்கும் தலைக்கவசம், இடுப்பில் விளக்கு எரியும் பெல்ட். சின்ன வயதில் டிவியில் பார்த்த எங்கள் ஜப்பான் வீரன்தான். ஓடும் பஸ்சில் போனைப் பார்த்தால் எனக்கு என்ன ஆகும் என்று தெரிந்தும் பார்த்தேன். பழம் சக்கையானதுதான் மிச்சம்.

நாங்கள் பள்ளியில் படித்தபோது இந்த வீரன் நன்றாகத் தமிழ் பேசுவான். காலையில் சிறுவர் சேனலில் வருவான். அவன் சண்டையில் எனக்கு அவ்வளவு ஆசை இல்லை. அரக்கன் எப்படியும் வெடித்துச் சாவான், அதில் என்ன இருக்கிறது? ஆனால் ஒரு கதை மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டது. மாணவர்களுக்குள் விண்வெளி வீரர் தேர்வு. இடம் ஒன்றே ஒன்று. அதில் ஒரு பெண் சுழலும் நாற்காலியிலிருந்து இறங்கியதும் வாந்தி எடுத்துவிட்டாள். வாயைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை உட்காருகிறேன் என்றாள். சரியாக அங்கே 'தொடரும்' போட்டார்கள்.

என் நிலைமையைச் சொல்ல வேண்டும். ராஜபாளையத்துப் பள்ளிக்குத் தினமும் பஸ், தினமும் வாந்தி. இந்த லட்சணத்தில் ராக்கெட்டில் போவேன் என்று வகுப்பில் வேறு சொல்லி வைத்திருந்தேன். கேலிக்குக் கேட்கவா வேண்டும். ஜன்னல் இருக்கையை எனக்கு விட்டுக்கொடுத்து, பாலிதீன் பையும் கொண்டுவருகிறவள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா மட்டும்தான். டிவியும் அவள் வீட்டில்தான். அன்று அவள் சொன்னாள்: "அந்தப் பிள்ளைய எடுத்துக்கிட்டாங்கன்னா ஒன்னையும் எடுப்பாங்கட்டி."

மறுநாள் ஆடிப்பூரம். தேரோட்டத்தன்று எங்கள் கேபிள்கார அண்ணாச்சிக்கு ஒரு வழக்கம் உண்டு. தேரை நேரடியாகக் காட்ட ஒரு சேனல் வேண்டும். பெரியவர்கள் யாரும் பார்க்காதது சிறுவர் சேனல்தான் என்று அதையே வெட்டிவிடுவார். எங்களுக்கு அது மறந்தே போயிருந்தது. டிவியைப் போட்டால் விண்வெளிக்குப் பதில் தேர்வடம்.

மடவார் வளாகத்தில் இருந்த ஸ்டெல்லா வீட்டிலிருந்து அவர் அலுவலகத்துக்கு ஓடினோம். அண்ணாச்சி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஆண்டாள் தேரு ஓடுது, ஒங்களுக்குப் பொம்மப் படம் கேக்குதா? செத்த நேரம் பொறுங்க. நிலைக்கு வந்ததும் மாத்திருதேன்."

தேர் ஒரு வளைவில் நின்றது. முட்டுக்கட்டை போட்டார்கள், எடுத்தார்கள், மறுபடி போட்டார்கள். ஊரே பக்தியில் உருகிக்கொண்டிருக்க, நான் ஆண்டாளிடம் சீக்கிரம் போய்த் தொலையேன் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா தன் பங்குக்கு மாதாவிடம் வேண்டினாள். தேர் நிலைக்கு வந்தது. அண்ணாச்சியும் சொன்ன சொல் தவறாமல் மாற்றினார். முடிவுப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அன்று வந்த ஆத்திரம் இன்னும் முழுதாக ஆறவில்லை. அந்தக் கதையை மறுபடி போடவும் இல்லை.

பஸ்சை விட்டு இறங்கியதும் போனில் தேடினேன். கிடைத்தது, ஜப்பானிய மொழியில். கீழே எழுத்தும் ஓடவில்லை. தேர்வாளர் அந்தப் பெண்ணிடம் என்னவோ நீளமாகச் சொல்கிறார். அவள் அழுகிறாள், சிரிக்கிறாள், குனிந்து வணங்குகிறாள். எடுத்தார்களா இல்லையா? எத்தனை தடவை பார்த்தும் விளங்கவில்லை. போனைத் தூக்கி எறியலாம் போல வந்தது. டிவியில் தமிழ் பேசிய அந்தப் பெண் எங்கே போனாளோ, எந்த மூலையிலும் இல்லை. அண்ணாச்சியின் அலுவலகம்கூட இப்போது பிரியாணிக் கடை.

கோயம்புத்தூரில் இருக்கும் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். அவளுக்கு வீரனும் நினைவில்லை, தேர் நின்றதும் நினைவில்லை. ஆனால் ஒன்று கேட்டாள்:

"சுத்துற நாற்காலியில ஏறி வாந்தி எடுத்தது நீதானட்டி? பொறவு ஒன்ன எடுத்துக்கிட்டாங்களா?"

இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. தெரியவில்லை என்றேன்.